எங்கள் மரக்கூட்டுக்குத் திட்டம் போட உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

குற்றால சீசனுக்கு வந்து தங்க, இலஞ்சியில் நாங்களே கட்டப்போகும் சின்ன ஓட்டு வீட்டின் மரக்கூட்டுத் திட்டம், அதாவது தூணும் கூரை மரங்களும் சேர்ந்த சட்டகத்தின் திட்டம், நேற்றோடு முடிந்தது. 24 அடி நீளம், 16 அடி அகலம், எட்டுத் தூண். தை பிறந்ததும் கால் நாட்டுகிறோம். அதற்கு முன்பே இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆசாரி அண்ணாச்சிக்கு. நான் வரைந்து கொண்டுபோன படத்தில் குறுக்கு விட்டமே கிடையாது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் மோடு, அதாவது கூரையின் உச்சி, வரை மறைப்பில்லாமல் தெரிய வேண்டும் என்று ஆசை. அண்ணாச்சி படத்தைக் குறை சொல்லவில்லை. விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, உச்சியில் நூலால் கட்டி, கூரை மாதிரி இழைப்புப் பலகைமேல் நிறுத்தினார். "லேசா அமுக்குங்க தம்பி" என்றார். அமுக்கினேன். கால் இரண்டும் விரிந்து குச்சி படுத்துவிட்டது. மறுபடி நிறுத்தி, இரண்டு காலையும் இணைத்து ஒரு நூல் கட்டினார். இந்தத் தடவை அமுக்கியபோது நூல் விறைத்தது, குச்சி அப்படியே நின்றது. "இந்த நூலுதான் விட்டம். ஓட்டுப் பாரம் கீழ மட்டும் இறங்காது, உத்திரத்த வெளிய உதைக்கும்." உத்திரம் என்பது தூண்களின் தலைமேல் நீளவாக்கில் ஓடும் மரம்.

இப்போது நாலு ஜோடித் தூணுக்கும் நாலு விட்டம். ஒவ்வொரு விட்டத்தின் நடுவிலும் மோட்டைத் தாங்க ஒரு குத்துக்கால், அதாவது நேராக நிற்கும் சின்னத் தூண்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா மனையை வந்து பார்த்தார். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று ஓட்டுக் கூரையைத் தள்ளுவதோடு விடாது, சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரமான இறவாரத்துக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும் என்றார். நான் கேட்ட 4 அடி இறவாரத்தை இரண்டரை அடியாகக் குறைத்தார். தூண்களைக் கருங்கல் பீடத்தின்மேல் நிறுத்தி, அஸ்திவாரத்திலிருந்து வரும் இரும்புக் கம்பியால் பிடிக்கச் சொன்னார். ஈரமும் கரையானும் தூணில் ஏறாமலிருக்கவும் அந்தக் கல் உதவும்.

ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டங்களான கைமரங்களின் கணக்கு என் தங்கை போட்டுக் கொடுத்தது. அவள் கணக்கு டீச்சர். பாதி அகலம் 8 அடி, மோட்டு உயரம் 5 அடி. அப்படியானால் சரிவு 9 அடி 5 அங்குலம், இறவாரம் சேர்த்தால் 12 அடி. 5க்கு 3 அங்குலச் சட்டம், இரண்டடிக்கு ஒரு ஜோடி வீதம் 26 சட்டம், முப்பத்திரண்டரைக் கன அடி. நான் இறவாரத்தை விட்டுவிட்டுத்தான் நீளம் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளோடு மரவாடிக்குப் போயிருந்தால் அத்தனை சட்டமும் குட்டையாகிப் போயிருக்கும். அம்மாடி, உனக்கு எப்படி நன்றி சொல்ல!

செங்கோட்டை மரவாடிக்காரருக்கும் மறக்காமல் சொல்ல வேண்டும். கையில் பணத்தோடு போய் நின்றேன். "அயினி இப்பத்தான் அறுத்திருக்கு, பச்ச மரம். கழுந்து மாட்டின பிறகு சுருங்குனா மூட்டு ஆடும், ஆறு மாசம் பொறுங்க" என்று திருப்பி அனுப்பினார். கழுந்து என்பது ஒரு மரத்தின் துளையில் சொருகச் செதுக்கும் மற்ற மரத்தின் முனை. விற்கிறவர் அப்படிச் சொல்வது பெரிய காரியம். இன்று அந்த மரம், இடையிடையே காற்றோடக் குச்சி வைத்து, அவர் கொட்டகையிலேயே எங்களுக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

அண்ணாச்சி கட்டிய ஈர்க்குச்சிக் கூரை எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. அடுத்த சாரலுக்கு நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து, அந்த விட்டத்துக்குக் கீழே இலை போட்டுச் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
இலஞ்சி வீட்டுக்காரர்கள்