கதவுக்கு வெளியே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு மறுபடி முழங்கால் வீங்கி, மருத்துவரிடம் இரண்டு நடை போய்வந்ததில் எழுதியது பாதியில் நின்றுபோனது. இப்போது தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், உன்னையும் விசாரித்தாள். பெரியவன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. சின்னவளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம்.

உன் மகனைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 7 வயதுப் பையன் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று வரமாட்டேன் என்று அழுதது, நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது, கை கழுவிக்கொண்டிருந்த பெண்மணி உங்கள் இருவரையும் பார்த்து முகம் சுளித்தது, அன்று ராத்திரி அவன் உன்னிடம் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. 'நீ 22 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், எந்த வயதில் தனியாக அனுப்பலாம் என்று ஒரு எண்ணைச் சொல்லு' என்று முடித்திருந்தாய்.

வயதைச் சொல்வது கஷ்டமில்லை. பிரிட்டனில் பல நீச்சல்குளங்களில் 8 வயதான பிள்ளை ஆண், பெண் என்று தனக்குரிய உடைமாற்றும் அறைக்குத்தான் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒரு குளத்தை நடத்துகிறவருக்கு அப்படி ஒரு கோடு தேவைப்படும். பெற்றவளுக்கு அது போதாது. என் வகுப்பில் 5 வயதிலேயே பொத்தான், தாழ்ப்பாள், தண்ணீர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்ட பிள்ளையும் இருந்தது. 8 வயதிலும் காற்சட்டைக் கொக்கியோடு போராடிக் கண்ணீரோடு திரும்பி வந்த பிள்ளையும் இருந்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு 11 வயதிலும் அவன் அம்மா கூடவே இருக்க வேண்டியிருந்தது. அவளையும் எத்தனை பேர் முறைத்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. அதனால் அந்தப் பெண்மணியின் முகச்சுளிப்பை நீ மறந்துவிடு. உன் பையனின் அழுகையை மட்டும் மறக்காதே.

பெரியவனுக்கு 6 வயதில் நடந்ததை உனக்கு நான் சொன்னதேயில்லை. ஒரு ரயில் நிலையத்தில் இறங்கியிருந்தோம். தானே போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஒற்றை அறைக் கழிப்பறை, நான் வாசலிலேயே நிற்கிறேன், என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம், பிறகு அலறல். போட்ட தாழ்ப்பாளை அவனுக்கு எடுக்கத் தெரியவில்லை. 'இந்தப் பக்கம் தள்ளு, மேலே தூக்கு' என்று நான் வெளியிலிருந்து கத்தக் கத்த அவனுக்குப் பயம்தான் ஏறியது. அங்கே துப்புரவு வேலை பார்த்த ஒரு அக்கா வந்து, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் முகம் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்துகொண்டு, 'தம்பி, என்னைப் பாரு, அழாதே, இப்போ உன் கையைத் தாழ்ப்பாள்மேல வை' என்று நிதானமாகச் சொன்னாள். அரை நிமிஷத்தில் கதவு திறந்தது. வீட்டில் அத்தனை முறை கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்திருந்தேன். திறக்கக் கற்றுக்கொடுக்கவே இல்லை. அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் கதவைத் திறந்துவைத்தபடியே தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டு எடுக்கச் சொல்வேன். எடுக்க வராத தாழ்ப்பாளாக இருந்தால் பூட்டவே வேண்டாம், நான் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்கிறேன் என்பேன். உன் பையனுக்கும் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்.

வயதைவிட நான் கவனிப்பது இப்படிப்பட்டவற்றைத்தான். உடுப்பைத் தானே அவிழ்த்துப் போட்டுக்கொள்கிறானா, தானே சுத்தம் செய்துகொள்கிறானா (பெண்பிள்ளையாக இருந்தால் முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும் என்பது பழகியிருக்க வேண்டும், சிறுநீர்த் தொற்று வராமலிருக்க அது முக்கியம்), சோப்புப் போட்டு 20 விநாடி கை தேய்க்கிறானா, சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிறானா, ஏதாவது சரியில்லை என்று பட்டால் வாய்விட்டுச் சொல்கிறானா. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

'கொஞ்சம் அடக்கிக்கோ, வீட்டுக்குப் போய்விடலாம்' என்று சொல்லிச் சமாளிப்பதாக எழுதியிருந்தாய். அதைத் தயவுசெய்து விட்டுவிடு. பிள்ளைகளின் மூத்திரப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு 2 கூட்டி, 30 ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் அளவு வரும். 7 வயதுக்கு 270 தான். பெரியவர்களுக்கு 400, 500 வரை கொள்ளும். நமக்கு அரைமணி தாங்கும் என்பதால் அவர்களுக்கும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். விளையாட்டில் மூழ்கிய பிள்ளை கடைசி நிமிஷத்தில்தான் வந்து சொல்லும், அப்போது உண்மையாகவே நேரம் இருக்காது. அடக்கி அடக்கிப் பழகினால் தொற்று வரலாம், மலச்சிக்கல் வரலாம், மலச்சிக்கல் வந்தால் மூத்திரப்பையும் இன்னும் சிரமப்படும். என் வகுப்பில் ஒரு பெண்குழந்தை காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். கழிப்பறைக்குப் போகப் பயந்துதான் அப்படி என்பது எனக்குத் தெரியவரவே பல வாரம் ஆனது. அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, வகுப்பில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பயத்துக்குக் காரணம் நாம் நினைப்பதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சின்னவள் பொதுக் கழிப்பறை என்றாலே காதைப் பொத்திக்கொள்வாள். கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம்தான் காரணம். பிடிவாதம் என்று அவளைக் கடிந்திருக்கிறேன். வெகுகாலம் கழித்து, கனடாவில் ஒரு சிறுமி 44 இயந்திரங்களின் சத்தத்தைப் பிள்ளைகளின் காது உயரத்திலும் அளந்து பார்த்ததைப் படித்தேன். அவளுடைய கட்டுரை 2019இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றிலேயே வெளிவந்தது. சில இயந்திரங்கள் 100 டெசிபெலுக்கு மேல் சத்தம் போடுகின்றன, காது வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வது நிஜம் என்று எழுதியிருந்தாள். சின்னவளிடம் அதைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். தானாகவே தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பீங்கானும் சில பிள்ளைகளை அப்படித்தான் கலங்கடிக்கும். உட்கார்ந்திருக்கும்போதே பாய்ந்துவிடும். ஆள் இருப்பதைக் கண்டறியும் உணரியின் (சென்சார்) மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். உன் பையனுக்கு இப்படி ஏதாவது பயம் உண்டா என்று கேட்டுப் பார்த்தாயா?

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். ஆண்கள் கழிப்பறையில் யாராவது அவனை ஏதாவது செய்துவிட்டால் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதைச் சின்னதாகப் பேச மாட்டேன். ஆனால் என் பிள்ளைகளுக்கு அதை நான் தவறாகக் கற்றுக்கொடுத்தேன். தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். கழிப்பறைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை சொன்னால் போதாது, எங்கேயும் யாரிடமும் செல்லுபடியாகிற ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பின் எந்தப் பாகத்தை யார் தொடக்கூடாது என்பது, யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று சொன்னால் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்பது, எதைச் சொன்னாலும் திட்டு விழாது என்பது. இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் பேச்சைக் கேள், மரியாதையாக இரு என்று நாளெல்லாம் சொல்கிறோம். ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பது பிடிக்கவில்லையா, யாராவது கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்களா, உதவி செய்கிறேன் என்று உடுப்பைத் தொட வருகிறார்களா, அப்போது மரியாதை பார்க்க வேண்டாம், கை கழுவாவிட்டாலும் பரவாயில்லை, ஓடி வா, கத்து என்று நாம் வாய்திறந்து அனுமதி கொடுக்காவிட்டால், நல்ல பிள்ளையாக வளர்ந்த பிள்ளை அசையாமல் நிற்கும்.

அதனால்தான் உன் பையன் வாசலில் நின்று வரமாட்டேன் என்று அழுததை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தன் உடம்பைப் பற்றி அவனுக்குக் கூச்சம் வந்திருக்கிறது. மற்றவர்களின் அந்தரங்கமும் அவனுக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறது. அவன் சொன்ன 'மாட்டேன்' என்ற சொல்லைத்தான் நாளைக்கு ஆபத்தில் அவன் சொல்ல வேண்டுமென்று நாம் ஆசைப்படுகிறோம். அதைச் சொன்னபோது உலகத்திலேயே அவன் மிகவும் நம்புகிற ஆள் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். உன்னைக் குற்றம் சொல்லவில்லையடி, நானும் அப்படி இழுத்தவள்தான். ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையை ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறேன். அதன் 5ஆவது பிரிவு, பிள்ளையின் திறன் வளர வளர அதற்கேற்றபடி பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது. 12ஆவது, பிள்ளையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புத் தரச் சொல்கிறது. 16ஆவது அந்தரங்கத்தைப் பற்றியது. தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இவை ஒரு கழிப்பறை வாசலில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

என்றாலும் நாளைக்கே அவனைப் பெரிய கழிப்பறைக்குள் தள்ளிவிடு என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டு. ஒற்றை அறையாக இருக்கிற இடத்தில் தொடங்கு, கதவுக்கு வெளியே நில். குடும்பத்துக்கென்று தனி அறை இருக்கும் இடங்களில் இந்தச் சங்கடமே இல்லை. பிறகு கூட்டமில்லாத நேரம் பார்த்து ஆண்கள் பக்கம். அதற்கு முன்னால், வாய்த்தால் உன் தம்பியோ நீ நம்புகிற வேறொருவரோ இரண்டு தடவை கூட்டிப்போய் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டட்டும். நின்று போகிற இடத்தில் அவன் வரிசையில் நிற்க வேண்டிய அவசியமில்லை, கதவுள்ள அறைக்கே போகச் சொல். நீ வாசலை விட்டு நகராதே. ஒன்றை மறக்காமல் பார்த்துக்கொள்: பெரிய இடங்களில் சில கழிப்பறைகளுக்கு இரண்டு வாசல் இருக்கும். நீ ஒரு பக்கம் காத்திருக்க அவன் இன்னொரு பக்கமாக வெளியே வந்து உன்னைக் காணாமல் தவித்துப்போவான். போகும்முன் சுற்றிப் பார்த்துவிடு.

உள்ளே போகும்போதே சொல்லிவிடு, 'இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், நீ பதில் சொல்லணும், பதில் வரவில்லை என்றால் நான் உள்ளே வந்துவிடுவேன்' என்று. சொன்னபடி செய். வெட்கப்படாதே. வாசலிலிருந்து உரக்கக் கூப்பிடும் அம்மா ஒருத்தி வெளியே நிற்கிறாள் என்று உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிவதே பிள்ளைக்கு ஒரு காவல்தான். அவனும் கூச்சப்பட மாட்டான், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுதானே.

ஒரு இடம் உனக்கே சரியாகப் படவில்லை, இருட்டாக இருக்கிறது, வாசலில் யாரோ வெறுமனே நிற்கிறார்கள் என்றால், அன்று மட்டும் 'இந்த இடம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, இன்று என்னோடு வா' என்று காரணத்தைச் சொல்லிக் கூட்டிப்போ. காரணம் சொல்லிக் கேட்டால் வருவான், பார்.

பெண்பிள்ளையைத் தனியாக வெளியே கூட்டிப்போகும் அப்பாக்களுக்கு இது இன்னும் கஷ்டம். சின்னவளுக்கு 4 வயதாக இருக்கையில் இவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போவார். 5 முடிந்ததும் அவளே முகத்தை இவர் தோளில் புதைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பெண்கள் பக்கத்தின் வாசலில் நின்று, குழந்தையோடு வருகிற யாராவது ஒரு அம்மாவிடம், 'என் மகள் உள்ளே போகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கத் தொடங்கினார். ஒருவர்கூட மறுத்ததில்லை. எனக்கே அப்படிக் கேட்கும் தைரியம் இருந்ததில்லை, இவருக்கு இருந்தது.

அந்த ரயில் நிலையக் கதையை உனக்கு எழுதலாமா என்று நேற்று பெரியவனிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், 'எழுதும்மா, அந்தத் தம்பிக்கும் படிச்சுக் காட்டச் சொல்லு, தாழ்ப்பாள் விஷயம் அவனுக்கு உதவும்' என்றான். கதவுக்கு அடியில் தெரிந்த அந்த அக்காவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். அந்தப் பகுதியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டு. அவன் என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி