பீடோர் கிளிக் கூடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும், படிப்பார்களா தெரியாது.

சென்ற ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் மலேசியச் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கையும் கணக்கும் அனுப்பியாகிவிட்டது. செயலவை நான்கு முறை கூடியது. பாலாய் ராயா சமூக மண்டபத்தில் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணி நடந்தது. தீபாவளி விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள்.

இனிக் கிளி விஷயம். ஒற்றுமைப் பொங்கல், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, ஆடித் திருவிழா என மூன்று இடங்களில் நாம் மீட்டு வளர்க்கும் கிளிகளை மக்களுக்கு அறிமுகப்படுத்தினோம். 'னோம்' என்று மரியாதைக்கு எழுதுகிறேன். ஒரு பறவைக்கு இரண்டு பேர், ஒருவர் பறவையைப் பார்க்க, ஒருவர் கூட்டத்தைப் பார்க்க என்பது நாமே போட்ட விதி. பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். கூடாரத்துக்கு வந்தது நானும் பொருளாளரின் மகளும். ஆடிக்கு அவளுக்கும் பரீட்சை.

புதிய பயணக் கூண்டு எதற்கு என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. பழைய கூண்டு துத்தநாகம் பூசிய கம்பி. கிளி அலகால் கவ்விக் கவ்வித்தான் ஏறும். அந்தப் பூச்சு உள்ளே போனால் நஞ்சு. துருப்பிடிக்காத எஃகு விலை கூடத்தான். பாதிப் பணம் என் பையிலிருந்து போனது. ரசீது கோப்பில் இருக்கிறது.

கூடாரத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "விலை எவ்வளவு?" காட்டில் பிடித்த, நம்முடையதைப் போன்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு விற்க 2017 முதல் தடை, வீட்டில் வைத்திருக்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானின் உரிமம் வேண்டும் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒருவர், "சரி, எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" என்றார். ஆடித் திருவிழாவில் ஓர் அம்மா பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டி, "அண்ணே, சீட்டு எடுக்கச் சொல்லுங்க, மகனுக்குப் பொண்ணு அமையல" என்றார். இது ஜோசியக் கிளி இல்லையம்மா, கவனிப்பாரில்லாமல் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்ட கிளி என்று காட்டினேன். அந்த நேரம் பார்த்து அது பழைய வீட்டு இரும்புக் கேட் திறக்கும் சத்தத்தைக் 'கிறீச்' என்று எழுப்பி, தலையைச் சாய்த்துக் கூடார வாசலையே பார்த்தது. அந்த அம்மா நோட்டை நம் உண்டியலில் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

நின்றது நல்லதாயிற்று. உறுமி மேளம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. கிளி மிரண்டு கம்பியில் மோத, வளரும் இறகு ஒன்று ஒடிந்து ரத்தம் வழிந்தது. நான் கூண்டை மூடுவதா, கூட்டத்தை விலக்குவதா? அன்னதானச் சமையலறைக்கு ஓடிச் சோளமாவு வாங்கி வந்தது அந்த அம்மாதான். அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது. அவர் நம் உறுப்பினர் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். தீனியும் மருத்துவச் செலவும் கூடின, மற்றதைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி, அதாவது மாதம் ஒரு தே தாரேக் தேநீர். பாதிப் பேர் கட்டவில்லை. பெயர் வாசித்து யாரையும் சங்கடப்படுத்த விருப்பமில்லை. பட்டியல் பின்சுவரில் ஒட்டியிருக்கிறது.

கழித்த கொய்யாவை இலவசமாகத் தந்த தோட்டக்காரர்களுக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், செயலவையினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒன்று. சாம்பல் கிளி நன்றாகப் பார்த்துக்கொண்டால் 50 வயதுகூட இருக்கும். கால் வளையத்தின்படி நம்முடையதற்கு 14. எனக்கு 63. இந்தக் கணக்கைப் பொருளாளர் போட வேண்டியதில்லை. கிளி அறைக்கு இரண்டு சாவி, இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஒன்றை வருகைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன்.

செயலாளர்