படத்தில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள்

லீட்ஸ்,
20.10.1985, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் தம்பியும் சின்னக்கா வீட்டாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. உறையின் ஒரு பக்கம் திறந்து திரும்ப ஒட்டியிருந்தது. ஆரோ ஒருவர் எங்கள் வீட்டுப் புதினம் முழுக்க வாசித்திருக்கிறார். சிவப்பி நாம்பன் கன்று போட்டதை அறிந்து அவரும் கவலைப்பட்டிருப்பார்.

நான் ஆவணியில் அனுப்பிய படத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று தங்கச்சி ஓரத்தில் எழுதியிருக்கிறாள். பின்னால் நிற்கும் மூன்று பேரும் ஆர், எந்த வீட்டுச் செத்தவீடு, ஏன் முகத்தில் சுண்ணாம்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கொக்குவில் மாமி வேறு வந்து பார்த்துவிட்டு, பொடியன் பேய் கும்பிடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னாவாம். மாமிக்கு முதலில் சொல்லிவிடுங்கள்: அது சுண்ணாம்பு இல்லை, பவுடர். செத்தவீடும் இல்லை. அது ஒரு பாட்டுக் கோஷ்டி. இப்போது அந்தக் கோஷ்டியே கலைந்துவிட்டது. ஆனபடியால் பயப்பட ஒன்றும் இல்லை.

நான் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கே வீடுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பின்சுவர்தான் அடுத்த தெருக்காரருக்கும் பின்சுவர். ஆலைத் தொழிலாளருக்கென்று கட்டத் தொடங்கி, லீட்ஸில் 1937 வரைக்கும் இப்படிக் கட்டினார்களாம். கோடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு வாழைக்குட்டி வைக்க நிலம் இல்லை. உடுப்புத் தோய்த்தால் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித்தான் காயப்போட வேண்டும், லொறி வந்தால் ஓடிப்போய்க் கயிற்றை உயர்த்திப் பிடிக்க வேண்டும். எல்லோருடைய உடுப்பும் எல்லோருக்கும் தெரியும். அதில் முழுக்கக் கறுப்பாகத் தொங்குவது மேல்வீட்டுப் பொடியனின் கயிறு. படத்தில் நெட்டையாக, தலைமயிரை மேல்நோக்கிச் சிலுப்பிக்கொண்டு நிற்பவன் அவன்தான்.

வீட்டுக்குக் கீழே முன்பு கரி போட்டுவைத்த நிலவறை ஒன்று இருக்கிறது. என் அறை அதற்கு நேர் மேலே. போன வருஷம் கார்த்திகையில் ஒரு இரவு என் கட்டில் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க முட்டைப் பெட்டி ஒட்டி, மூன்று பேர் நின்று வாசிக்கிறார்கள். மேல்வீட்டுப் பொடியன் கிற்றார். பாட்டுக்காரன் தெற்குப் பக்கத்து டொக்டர் ஒருவரின் மகன். பேஸ் கிற்றார் அடிக்கிறவன் பார்ன்ஸ்லிப் பக்கம், தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில். கோஷ்டியின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் அப்பா கடிதத்தை அந்த இடத்திலேயே மடித்துவிடுவார்.

மேளத்துக்கு ஆள் இல்லை, அம்மா. ஒரு பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அமத்தினால் அதுவே அடிக்கும். தட்சணாமூர்த்தியின் தவிலை விடியவிடியக் கேட்ட அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏன் ஒரு மேளகாரனைப் பிடிக்கவில்லை என்று கேட்டேன். பெட்டி பியர் குடிக்காது, பங்கு கேட்காது, பிந்தி வராது என்றான் மேல்வீட்டுப் பொடியன்.

இந்த வகைப் பாட்டைக் கோதிக் றொக் என்கிறார்கள். கிற்றாருக்கு எதிரொலி மெசின் பூட்டியிருக்கும். பாட்டை இழுத்துக்கொண்டு போவது பேஸ்தான். பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து எடுப்பான். சாவு, இருட்டு, பாழடைந்த கோயில், கைவிட்டுப் போன பெட்டை, இந்த நாலையும் விட்டால் பாட்டில் வேறு விஷயம் வராது. நோர்தாம்ப்ரன் என்ற ஊரில் பௌஹவுஸ் என்று நாலு பேர் 1979இல் போட்ட முதல் றெக்கோட்டே ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடும். அவர்கள் 1983இல் கலைந்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் லண்டன் சோஹோவில் பட்கேவ் என்று இந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு கிளப் திறந்தார்கள். இந்த ஊரிலேயே 1980இல் தொடங்கிய சிஸ்டர்ஸ் ஒவ் மேர்சி என்ற கோஷ்டி இந்த ஆனியில் லண்டன் ரோயல் அல்பேர்ட் ஹோலில் போய்ப் பாடியது. அவர்களுக்கும் மேளம் பெட்டிதான். அதற்கு டொக்டர் அவலாஞ்ச் என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அவர்களும் லீட்ஸ், நாங்களும் லீட்ஸ், அவர்களுக்கும் மேளகாரன் இல்லை, எங்களுக்கும் இல்லை, பிறகென்ன என்பான் மேல்வீட்டுப் பொடியன்.

அவனுடைய சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. மான்செஸ்ரர்ப் பக்கத்து ஜோய் டிவிஷன் என்ற கோஷ்டியில் பாடியவன். 1980 வைகாசியில், 23 வயதில் செத்துப்போனான். அவனைப் பற்றிக் கதைக்கும்போது மேல்வீட்டுப் பொடியனின் குரல் தணிந்துவிடும். 23 வயதில் போன ஒருவனை இவ்வளவு பேர் படம் ஒட்டி நினைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுவோம். இந்த உறையையும் ஆரோ திறப்பார்கள்.

நீங்கள் பயந்த அந்தப் படம் எடுத்தது விற்பி என்ற கடற்கரை ஊரில். சித்திரையில் இரவல் வான் ஒன்றில் போனோம். மேட்டில் ஒரு இடிந்த மடாலயமும் அதன் பக்கத்தில் பழைய தேவாலயமும் சவக்காலையும் இருக்கின்றன. ஏற 199 படி. இரத்தம் குடிக்கிற பிசாசுக் கதை ஒன்றில் கப்பல் வந்து ஒதுங்குவது இந்த ஊரில்தானாம், பிசாசு நாய் உருவத்தில் கரைக்குக் குதிக்குமாம். அதனால் இந்தப் பொடியள் கல்லறைகளுக்கு நடுவில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நான் போனது நண்டுக்கு.

துறைமுகத்தில் இறங்கியதும் மணம் வந்தது. வள்ளங்கள், வலை, கரையில் கத்திக்கொண்டு பறவைகள். பாசையூர்க் கரையில் நிற்கிறேன் என்றே ஒரு கணம் நினைத்தேன், பிறகு குளிர் காதைப் பிடித்தது. நண்டு எங்கள் நீலக்கால் நண்டு இல்லை. மண்நிறம், ஓடு தடிப்பு, சதை கனக்க. இங்கே அவித்து, வினாகிரி விட்டு, பாணுக்குள் வைத்துத் தின்கிறார்கள். பாவம்.

நான் உயிர் நண்டு வாங்கி வந்து, நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூளில் மிச்சம் இருந்த அவ்வளவையும் போட்டுக் காய்ச்சினேன். தேங்காய்ப்பூ பைக்கற்றில் வருகிறது, பால் வராது, ஆனாலும் சமாளித்தேன். மூன்று பேரும் நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பாட்டுக்காரனுக்கு மூன்றாவது வாயில் கண்மை கரைந்து கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. மேல்வீட்டுப் பொடியன் குழாயடிக்கு ஓடினான். பேஸ்காரன் மட்டும் ஒன்றும் பேசாமல் கால்களை எல்லாம் கடித்து உறிஞ்சி, சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். இங்கே 1984 பங்குனியிலிருந்து இந்தப் பங்குனி வரைக்கும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஒரு வருஷம் சம்பளம் இல்லை, பெண்டுகள் சேர்ந்து பொதுச் சமையல் வைத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், கடைசியில் ஒரு உடன்படிக்கையும் இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள். அவன் அந்த வீட்டுப் பிள்ளை. சாப்பாட்டை மதிக்கத் தெரிந்த பொடியன், அம்மா.

கறி நல்லாகத்தான் வந்தது. முருங்கையிலை மட்டும் இல்லை. கிணற்றடி முருங்கையை ஆடிக் காற்று முறித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அடிக்கட்டையைத் தோண்டிவிடாதீர்கள். அது துளிர்க்கும். அப்பாவிடம் சொல்லுங்கள், சாணகம் அப்பி விடச்சொல்லி. நான் வரும்போது அது அங்கே நிற்க வேண்டும்.

கோஷ்டியின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கசெற் பதிந்து பிபிசியில் ஜோன் பீல் என்பவருக்கு அனுப்பினார்கள். பெயர் தெரியாத கோஷ்டிகளையும் இரவு பத்து மணிக்குப் போடுகிற மனுஷன். நாங்கள் பிறந்தநாள் வாழ்த்துக்கு இலங்கை வானொலியைச் சுற்றி இருந்த மாதிரி இருந்து பார்த்தார்கள். அவர்கள் கசெற் வரவேயில்லை. ஆடியில் ஒரு பப்பின் மேல்மாடியில் கச்சேரி. நாற்பது பேர் வந்திருப்பார்கள். புகை மெசினைப் போட்டதில் ஆரும் ஆரையும் பார்க்க முடியவில்லை. மூன்றாவது பாட்டுக்குப் பெட்டி நாலாவது பாட்டின் தாளத்தை அடிக்கத் தொடங்கிவிட்டது, அதுவும் இரட்டிப்பு வேகத்தில். பாட்டுக்காரன் செத்துப்போன காதலியைப் பற்றி மூச்சுவிடாமல் ஓடி ஓடிப் பாடினான். இணுவில் தவில்காரர் என்றால் பாடுகிறவனின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்திருப்பார். பெட்டிக்கு முகம் பார்க்கத் தெரியுமோ? நான் சிரித்தேன், பிறகு பேஸ்காரனைப் பார்த்து நிறுத்திவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வேகத்துக்கே விரலை ஓட்டி, பாட்டைக் கரைசேர்த்துவிட்டான்.

ஆவணியில் எல்லாம் முடிந்தது. பாட்டுக்காரன் லண்டனுக்குப் போய்விட்டான். பேஸ்காரனின் தகப்பனுக்குக் கடன் ஏறிவிட்டது, அவன் தெற்கே கட்டட வேலைக்குப் போய்விட்டான். மேல்வீட்டுப் பொடியன் பெட்டியை விற்று வாடகை கட்டினான். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை, ஒரு றெக்கோட்டும் வரவில்லை. ஆனால் அந்தக் கசெற்றின் இரண்டாவது பாட்டு நல்ல பாட்டு. நான் சும்மா சொல்லவில்லை.

பேஸ்காரன் போகும்போது தன்னுடைய நீளக் கறுப்புக் கோட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனான். அடுத்த படத்தில் நான் அதைப் போட்டிருந்தால் பயப்படாதீர்கள். நல்ல கம்பளி. புதிதாக வாங்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. பெற்றோல் செற்றில் இரவு வேலை வசதியாகத்தான் இருக்கிறது, கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து புத்தகம் வாசிக்கலாம். படிப்பில் இந்த வருஷம் ஒரு பாடம்தான் எடுக்கிறேன், ஆறுதலாகப் படிக்கலாம் என்று. எனக்கு இங்கே தனிமை ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், பிறகு நாலரை ஐந்துக்கே இருட்டிவிடும், அவ்வளவுதான். நிலவறையில் சத்தம் நின்றதிலிருந்து நித்திரைதான் கொஞ்சம் குறைவு. இரவில் விழித்தால் வேலிக்கு அங்காலே நீங்கள் ஆரையோ கூப்பிடுகிற குரல் கேட்கிறது, அம்மா. எழும்பி இருந்துவிட்டுத் திரும்பப் படுப்பேன்.

இனி வீட்டு விஷயம். இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். வங்கியால் அனுப்பினால் நாள் இழுக்கிறது. மார்கழியில் இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் சங்கக்கடையில் கணக்கை நீட்டச் சொல்லி அப்பா கேட்கட்டும், மனேஜர் மறுக்கமாட்டார்.

தம்பியை இங்கே எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இந்த வருஷ நடுவிலிருந்து இலங்கையர் விசா இல்லாமல் இங்கே வந்து இறங்க முடியாது. கொழும்பில் வரிசையில் நின்று எடுக்க வேண்டும், அவனைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. கிழக்கு பெர்லின் வழியாக யேர்மனிக்கு விடுகிறேன் என்று சுன்னாகத்து ஏஜென்ற் சொல்வதை நம்பி ஒரு சதம் முற்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பாதையையும் இறுக்கிவிட்டார்கள் என்று இங்கே வந்த பொடியள் சொல்கிறார்கள். அவன் ஏ.எல். சோதனையை எழுதட்டும். பொழுதுபட்டால் ஒழுங்கையைத் தாண்ட விடாதீர்கள், சைக்கிள் சாவியை நீங்கள் வைத்திருங்கள்.

தங்கச்சியின் குறிப்புப் பொருந்தியது சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வளவு முழுவதையும் கேட்பது சரியில்லை. கிணற்றுப் பங்கையும் வடக்குப் பக்கத்துத் துண்டையும் எழுதிக் கொடுக்கலாம். மிச்சத்துக்கு நான் பொறுப்பு என்று பெரியப்பாவைக் கொண்டு சொல்லுங்கள். அப்பா நேரே போய்க் கதைக்க வேண்டாம், அவருக்குக் கோபம் வந்துவிடும். உங்கள் சலரோகக் குளிசையை விரதம் என்று சொல்லி விடாதீர்கள். சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் போதும், முருகன் கோபிக்கமாட்டார்.

இப்படிக்கு,
அன்பு மகன்.

பி.கு: காணி உறுதியை எங்கள் அலுமாரியில் வைக்க வேண்டாம். தகரப் பெட்டியில் போட்டு, சின்னக்கா வீட்டில் அத்தானின் கையிலேயே கொடுத்துவிட்டு, கொடுத்தது என்று அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.