மகளுக்கு, சங்கத்தில் சேர்ந்தது பற்றி

அன்புள்ள பிள்ளை,

இந்தியா-இலங்கை வர்த்தகச் சங்கம் ஒன்றில் நீ சேர்ந்த படத்தைப் பெரியம்மாவின் போனில்தான் பார்த்தேன். சேலை வடிவாக இருந்தது, ஒழுங்கை முழுக்கக் காட்டிவிட்டேன். எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம், சரி விடு.

சேர்ந்தது நல்லதுதான். அக்கரையில் யார் நேர்மையான வியாபாரி, யார் காசை இழுத்தடிக்கிறவர் என்று அங்கே விசாரிக்கலாம். ஆனால் ஆளை அறிமுகம் செய்துவைப்பதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடும், காசு வராவிட்டால் தலைவர் தன் பொக்கற்றில் இருந்து தரமாட்டார். வாங்குகிறவர் எல்.சி., அதாவது காசுக்கு அவருடைய வங்கி பொறுப்பு நிற்கிற கடிதம், திறக்காமல் ஒரு பெட்டிகூட ஏற்றாதே. வங்கியில் வேலை செய்கிறவளுக்கு இதை நான் சொல்லவேண்டுமா? வேலை எப்படிப் போகிறது?

பனங்கட்டி அனுப்பப் போகிறாயாம். உடன்குடிக் கருப்பட்டி விற்கிற ஊருக்கா, பிள்ளை? நம்முடையதில் என்ன விசேஷம் என்று முதலில் யோசி. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் வரிச்சலுகை எடுக்க, பொருளின் பெறுமதியில் பொதுவாக 35 வீதமாவது இங்கே சேர்ந்திருக்கவேண்டும், அதற்குச் சான்றிதழ் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தில் எடுக்கவேண்டும். பனங்கட்டிக்கு அது சுகம். வடிவான போத்தலைச் சீனாவில் இருந்து எடுத்தால் அந்தக் காசு இந்த 35 வீதக் கணக்கில் சேராது.

காங்கேசன்துறைக் கப்பலில் ஏற்றலாம் என்று அத்தான் சொல்கிறார். அது நாகபட்டினத்துக்கு ஆட்கள் போகிற கப்பல். 2023 ஒக்டோபரில் தொடங்கின கையோடு நின்று, அடுத்த ஓகஸ்டில்தான் திரும்ப ஓடியது. அதை நம்பி யாருக்கும் திகதி சொல்லாதே, கொள்கலன் என்றால் கொழும்புத் துறைமுகம்தான்.

இங்கே மாடு கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் நோ. நீ அம்மாவிடம் வீட்டு உறுதியைக் கேட்டாயாம். உனக்குச் சீதனமாக எழுதின வீடு, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அலுமாரித் திறப்பு என்னிடம்தான். ஆனால் ஈடு வைக்கவென்றால், எந்த வங்கியில், எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று எனக்குச் சொல்லாமல் அம்மாவை நடுவில் விட்டுக் கேட்பது எப்படி? நீ சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துக் கதைக்கிறவள், பெருமையாகத்தான் இருக்கிறது, அப்பாவிடம் மட்டும் கதைக்க ஏலாதா?

திரும்பவும் சொல்கிறேன், எல்.சி. இல்லாமல் ஏற்றாதே. வாசிக்காமல் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே.

ஞாயிறு காலை என் போனுக்கு எடு, அம்மாவுடையதுக்கு வேண்டாம். வங்கி வேலையை விட்டுவிட்டாயா இல்லையா என்று அதில் சொல்லு.

அப்பா