வாந்தி எடுக்க வைக்காதே, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

பாப்பா தவழ ஆரம்பித்து, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள் என்றாய், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கழிவறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மற்றதை அப்புறம் படி, முதலில் அதை எடுத்துப் பூட்டி வை.

அப்படி யாராவது குடித்துவிட்டால் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கத்தான் கை பரபரக்கும். கூடவே கூடாது. உள்ளே போகும்போது சுட்டது, மேலே வரும்போது மறுபடியும் சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கிவிடும். ஆசிட்டுக்குச் சோடா மாவு, காரத்துக்கு (குழாய் அடைப்பு நீக்கப் போடும் ரசாயனம் போன்றது) எலுமிச்சைச் சாறு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள், கேட்காதே, ஆசிட்டோடு சோடா மாவு சேர்ந்தால் வாயு பொங்கி வயிறு உப்பும், காரத்தோடு எலுமிச்சை சேர்ந்தால் சூடு கிளம்பும். வாயைத் துடைத்துவிட்டு, நனைந்த துணியைக் கழற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. பாட்டிலையும் கையோடு எடுத்துப் போ, உள்ளே போனது ஆசிடா காரமா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். குழாய் அடைப்பு நீக்கும் காரம் இன்னும் மோசம், சதையிலுள்ள கொழுப்பைச் சோப்பாகவே மாற்றிக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும்.

உதடும் நாக்கும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று வீட்டிலேயே இருந்துவிடாதே. வாயில் ஒரு புண்கூட இல்லாமல் உணவுக்குழாய் வெந்திருக்கலாம். எச்சிலை விழுங்காமல் வழியவிட்டாலோ, குரல் கம்மினாலோ, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டாலோ தொண்டை உள்ளுக்குள் வீங்குகிறது என்று அர்த்தம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அங்கே முதலில் மூச்சுப் பாதையைத்தான் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் போடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக உள்ளே விட்டு, எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியும் இதே ஆபத்துதான், உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

புண் ஆறிய பிறகும் விடாது. சில வாரங்களில் தழும்பு இறுகி உணவுக்குழாய் சுருங்கலாம், சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கும். அதைப் பலூன் விட்டு விரிப்பார்கள், ஒரு தடவையோடு முடிவதும் இல்லை, ஒரு சின்னப் பிள்ளை அதைத் தாங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நீ இருக்கும் ஊரில் விஷமுறிவு உதவி எண் எது என்று பார்த்து உன் போனில் பதிந்து வை, மாப்பிள்ளை போனிலும் போட்டுக் கொடு. பாட்டிலைப் பூட்டியதும் ஒரு வார்த்தை சொல்.

அம்மா