தடைக்கால மாலைகளில் துணைநின்றவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான காசிமேடு, ராயபுரம் மக்களுக்கு ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்த 61 நாள்களும் நீதிமொழிகள் புத்தகத்தை மாலைதோறும் சேர்ந்து படித்தோம். அதில் 31 அதிகாரங்கள். ஒன்றை ஏறக்குறைய இரண்டு மாலைகளுக்கு வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் படிக்க முடிந்தது. மற்ற மாதங்களில் கடலிலேயே இருக்கும் ஆண்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அதற்கே கர்த்தருக்குக் கோடி நன்றி.

மொட்டை மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கும், மின்சாரம் போன இரவுகளில் தம் கடையின் விளக்கை அனுப்பிவைத்த தேநீர்க்கடை பாய்க்கும் நன்றி.

நண்டு விற்கும் அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இடையே ஒருநாள் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் புரட்டினோம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கலாம், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. உடனே அக்கா, "அவரே கடிந்துகொள்ள மாட்டார் என்றால், பிள்ளைகள் சபையில் கேள்வி கேட்டால் நாம் ஏன் அதட்டுகிறோம்?" என்றார். அதுவரை பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்த இளைஞர்கள் அன்றுதான் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒரு தம்பி கேட்டது இன்னும் எங்கள் மனத்தில் நிற்கிறது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அளந்து, மீன் கிடைக்கக்கூடிய இடத்தை ஐதராபாத்திலுள்ள மையம் சொல்லி அனுப்புகிறதே, அதைப் பார்த்து வலை போடுவது விசுவாசக் குறைவா? வலை பின்னும் பெரியவர்தான் பதில் சொன்னார். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசிய மோசே, விடிந்தது முதல் மாலைவரை ஒற்றை ஆளாக வழக்குத் தீர்த்துச் சோர்ந்திருந்தபோது, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும்படி யோசனை சொன்னவர் எத்திரோ. அவர் இஸ்ரவேலர் அல்லர். மீதியான் தேசத்து ஆசாரியன், மோசேயின் மாமனார். மோசே அதைத் தட்டவில்லை. "ஆண்டவர் யார் வாயால் பேசுவார் என்று நாம் கட்டளை போட முடியுமா?" என்றார் பெரியவர். தேவ ஞானத்துக்கு மனம் திறப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை நாங்கள் கேட்டதில்லை.

ஆயர் ஐயாவும் அன்று குறுக்கிடாமல் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பணிவுக்கு எங்கள் வணக்கம். ஒரு யோசனை பரத்திலிருந்து வந்ததா என்று பார்க்க, அதில் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் இருக்கிறதா என்று கேட்கும்படி யாக்கோபு மூன்றாம் அதிகாரத்திலிருந்து கற்றுத் தந்தவரும் அவர்தான். படகுப் பங்கில் முறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் அதன்பின் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினார்கள். இன்னும் தீர்வு ஆகவில்லை, பேசுகிறார்கள்.

படகுகள் கடலுக்குத் திரும்பிவிட்டதால், இனி ஞாயிறு மாலை மட்டும் கூடுகிறோம். யாக்கோபு நிருபத்தை முதலிலிருந்து படிக்கப் போகிறோம், ஐந்தே அதிகாரங்கள்தான். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
வேதபாடக் குழுவினர்,
காசிமேடு