தொடவும் வேண்டும், மெஷின் பூட்டவும் வேண்டாம்: மூன்று லட்சம் ஓடிய ட்றக்கின் கியர் ஒயில் பற்றி ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவில் கராஜ் நடத்தும் தமிழ் உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் நின்று வேலை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று லட்சம் கிலோமீற்றர் தாண்டிய, ஒட்டோமாட்டிக் கியர்பொக்ஸ் உள்ள பழைய செவ்ரோலே சில்வராடோ ட்றக் ஒன்று வாசலுக்கு வருகிறது. "கியர் ஒயில் ஒருக்காலும் மாத்தேல்லை, இப்ப மாத்தலாமோ?" என்று சொந்தக்காரர் கேட்கிறார். எங்கள் கடைகளில் அவருக்கு இரண்டு பதில்தான் கிடைக்கிறது. "அண்ணை, அதைத் தொடாதேங்கோ, தொட்டால் கியர் போயிடும்" என்பது ஒன்று. "மெஷின் போட்டு முழுக்கக் கழுவி எடுப்பம்" என்பது மற்றது. முதலாவது பயத்தில் சொல்வது. இரண்டாவது, மெஷின் வாங்கிய கடனை நினைத்துச் சொல்வது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் தட்டைக் கழற்றிப் பார்த்து, பில்டரை மாற்றி, இறங்கிய அளவை மட்டும் திரும்ப ஊற்றி, சில ஆயிரம் கிலோமீற்றர் கழித்து அதையே மறுபடி செய்வது. அதைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தொட்டால் போகும் என்ற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. கியர் நழுவத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு ஒயில் ஞாபகம் வருகிறது. அந்த நேரம் உள்ளே கியரைப் பிடிக்கும் கிளச் தட்டுகள் கருகி முடிந்திருக்கும். ஒயிலை மாற்றுகிறோம், அடுத்த கிழமை வண்டி நின்றுவிடுகிறது, பழி புது ஒயிலின் தலையில் விழுகிறது. பழைய ஒயிலில் மிதக்கும் கிளச் தூள்தான் பிடிப்பைத் தருகிறது என்றும் ஒரு கதை உண்டு. அந்தத் தூள் வால்வு ஓடும் துளைகளைத் தேய்க்கிறதே தவிர எதையும் பிடித்து வைப்பதில்லை. தேய்ந்து தீர்ந்த கிளச்சின் நிலையைப் புது ஒயில் சில நாள் முந்திக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஸ்பானரை எடுக்க முன்னம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். 1999 முதல் 2007 வரையான சில்வராடோ 1500களில் பெரும்பாலும் இருப்பது ஜிஎம் (ஜெனரல் மோட்டோர்ஸ்) செய்த 4எல்60ஈ என்ற நான்கு கியர் ஒட்டோமாட்டிக் பெட்டி. அதன் வழக்கமான வருத்தங்கள் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மூன்றாம், நான்காம் கியரில் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காவிட்டால் அந்த இரண்டையும் பிடிக்கும் 3-4 கிளச் போய்விட்டது. ரிவேர்ஸ், இரண்டு, நான்கு மூன்றும் ஒன்றாகக் காணாமற்போய், ஒன்றும் மூன்றும் மட்டும் வேலை செய்தால், நடுப் பல்சக்கரத்தைச் சுழற்றும் கூடான சன் ஷெல் உடைந்திருக்கிறது. ஸ்கானரில் பி1870 என்ற பிழைக் குறியீடு வந்தால் பெரும்பாலும் வால்வு பொடியில், அதாவது ஒயிலை வழிநடத்தும் வால்வுகள் இருக்கும் கூட்டில், டோர்க் கன்வேர்ட்டர் (எஞ்சின் விசையைக் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) கிளச்சுக்கான துளை தேய்ந்திருக்கிறது. இவற்றில் எதையும் ஒயில் மாற்றம் திருத்தாது. அதை வேலைக்கு முன்னமே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சாட்டுப் போலத்தான் கேட்கும். ஒயில் வெறுமனே மண்ணிறமாக இருப்பதைக் கண்டு மட்டும் யாரையும் பயமுறுத்த வேண்டாம். கருகிய மணமும் கறுப்புத் துகளும் சேர்ந்து இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

மெஷின்களிலும் இரண்டு வகை. கியர்பொக்ஸின் சொந்தப் பம்பே பழைய ஒயிலைத் தள்ள, அதே அளவு புதியதை உள்ளே விடுவது ஒன்று. அதில் பெரிய கெடுதல் இல்லை. வெளி அழுத்தம் கொடுத்து, சில கடைகளில் எதிர்த்திசையிலும், கழுவும் திரவம் கலந்து தள்ளுவது மற்றது. இருபது வருடமாகத் தட்டின் மூலையில் பேசாமல் படிந்து கிடந்த சேற்றைக் கிளப்பி வால்வு பொடிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். எந்த வகையானாலும் மெஷின் தட்டைத் திறந்து காட்டாது, பில்டரையும் மாற்றாது. இங்கே குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு கூலர் குழாய்களை எப்படித் தின்கிறதென்று தினமும் பார்க்கிறீர்கள். மெஷினைப் பூட்டுவதும் அந்தக் குழாய்களில்தான்; துருவேறிய குழாயின் கிளிப்பைக் கழற்றப்போய்க் குழாயையே முறித்த வேலைகளும் குறைவில்லை.

இனி வேலை. முதலில் ஒயில் அளவுகோல் குழாய் வழியாக உறிஞ்சு பம்பினால் முடிந்தளவு எடுத்துவிடுங்கள். வடிநட்டு இல்லாத தட்டை நிறைந்தபடி இறக்கினால் பாதி கையிலும் மீதி எக்ஸோஸ்டிலும்தான். 4எல்60ஈ தட்டுக்கு 16 போல்ட். சாரதிப் பக்கம் கியர் கேபிள் பிடியும், மறுபக்கம் எக்ஸோஸ்ட் குழாயும் வழி மறிக்கும். முந்தைய நாளே துரு இளக்கியை அடித்து விடுவது புத்தி. உறிஞ்சி எடுத்ததையும் வடிந்ததையும் சேர்த்து அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். வழக்கமாக 4.7 லீற்றர் அளவில் இறங்கும். அளவு குறைந்திருந்தால் வண்டி ஏற்கெனவே குறைவான ஒயிலில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

தட்டிலுள்ள காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மெல்லிதாக இருந்தால் அது வயதின் இயல்பு. சுரண்டினால் குத்தும் இரும்புச் சிராய், பித்தளை நிறப் பொடி, கறுப்புக் கிளச் செதில் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஃபோர்ட் எப்-150இல் வரும் 4ஆர்70டபிள்யூ கியர்பொக்ஸின் தட்டுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி கிடந்தால் பதறாதீர்கள். தொழிற்சாலையில் அளவுகோல் குழாயின் துளையை அடைத்திருந்த மூடி உள்ளே விழுந்து கிடக்கிறது. அந்தத் தட்டை இதுவரை ஒருவரும் திறக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பில்டரை இழுத்தால் வந்துவிடும். அதன் சீல் பம்பின் துளைக்குள்ளேயே நின்றுவிடும். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய சீல் இருக்க அதன்மேல் புதியதை அமத்தினாலோ, எடுக்கப்போய் ஸ்குரூ டிரைவரால் துளையைக் கீறினாலோ பம்ப் காற்றை உறிஞ்சும். வண்டி ஊளையிடும், கியர் நழுவும், பழியும் வழக்கம்போல ஒயிலுக்கே போகும். வளைந்த கொக்கியால் பொறுமையாக எடுங்கள். ஆழத் தட்டுக்கும் ஆழமில்லாத தட்டுக்கும் பில்டர் வேறு. பெட்டியை நம்பாமல் பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கொம்பனி கஸ்கெட் இரும்பின் மேல் ரப்பர் பூசியது. கிழியாமல் இருந்தால் திரும்பவும் பாவிக்கலாம். அதன்மேல் சிலிக்கோன் பூச வேண்டாம், பிதுங்கி உள்ளே விழும் துண்டு பில்டரில் போய் அடைக்கும். போல்ட் இறுக்கம் 11 நியூட்டன் மீற்றர்தான். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கித் தட்டின் விளிம்பை வளைத்துவிட்டு, ஒழுகுது என்று கஸ்கெட்டைத் திட்டுவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம்.

ஒயில் விஷயத்தில் ஒரே பீப்பாயை எல்லா வண்டிக்கும் திறப்பதை விடுங்கள். 2005 மொடல் வரையான இந்த சில்வராடோக்கள் டெக்ஸ்ரோன் 3 என்ற ஜிஎம் தர ஒயில் ஊற்றி வெளிவந்தவை. ஜிஎம் 2006 முடிவோடு அதற்கு உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் மலிவாக விற்கும் போத்தலுக்கு ஜிஎம் பொறுப்பில்லை. டெக்ஸ்ரோன் 6 அதன் இடத்தில் தாராளமாகப் போகும், பழையதோடு கலந்தாலும் பாதகமில்லை. ஃபோர்டின் 4ஆர்70டபிள்யூவுக்கு மெர்கோன் 5 ஒயில். பல ஆண்டு மொடல்களில் அதன் கன்வேர்ட்டரிலேயே வடிநட்டு உண்டு. அதைத் தேடிக் கழற்றினால் மிச்சமும் வந்துவிடும். 2005க்குப் பிறகு வந்த டகோமாவின் ஐந்து கியர் பெட்டிக்கு டொயோட்டா டபிள்யூஎஸ் ஒயில். அளவுகோலே இல்லாத பெட்டி அது, அளவு பார்க்கும் முறையும் வேறு, மனுவலைத் திறக்காமல் கைவைக்காதீர்கள்.

4எல்60ஈயில் பெரிய கன்வேர்ட்டரோடு மொத்தம் சுமார் 10.6 லீற்றர் கொள்ளும். அதில் 4.7 மாற்றினால் புதியது 44 சதவீதம். இரண்டாம் முறையில் 69, மூன்றாம் முறையில் 83. இதனால்தான் மெஷின் இல்லாமலே காரியம் ஆகிறது என்கிறோம். முதல் முறை பில்டரோடு. 5,000 கிலோமீற்றர் கழித்து இரண்டாவது, பிறகு இன்னொன்று. பழகிய உடம்புக்குச் சாப்பாட்டை மெதுவாக மாற்றுவது போலத்தான். இடையில் சத்தமோ நழுவலோ வந்தால் நிறுத்த இடமும் இருக்கும்.

ஊற்றும்போது முதலில் 4 லீற்றர். எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று விநாடி நிறுத்தி, பார்க்கில் போட்டு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே அளவு பாருங்கள். குறைவைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கடைசி அளவு, சமதரையில், ஒயில் 82 முதல் 93 பாகை செல்சியஸ் வரை சூடான பின்தான். வெப்பத்தை ஸ்கானர் சொல்லும். கோலின் இரு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைவானதை நம்புங்கள். அரைப் போத்தல் மிஞ்சினால் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். கூடிய ஒயிலைச் சுழலும் பாகங்கள் நுரைக்க அடிக்கும். நுரையை அமத்திப் பம்பால் அழுத்தம் எடுக்க முடியாது, கிளச் நழுவிக் கருகும்.

தினமும் மலைப்பாதை ஏறுகிற, ட்ரெயிலர் இழுக்கிற, வெயிலில் நகர நெரிசலில் நிற்கிற, பொருள் விநியோகம் செய்கிற வண்டிக்கு 83,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் பில்டரும் என்று அந்த சில்வராடோக்களின் கையேட்டிலேயே இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஓட்டும் ட்றக்குகளில் இந்தப் பட்டியலுக்குள் வராதது எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி பில்லில் "கியர் ஒயில் சேர்விஸ்" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். இறங்கிய அளவு, ஊற்றிய அளவு, ஒயிலின் பெயர், காந்தத்தில் கண்டது, ஓடிய கிலோமீற்றர், அடுத்த முறை எப்போது என்று எழுதிக் கொடுங்கள். காந்தத்தின் படம் ஒன்றையும் அவருடைய தொலைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாம் முறை வண்டி உங்களிடம் வராமல் வேறு கடைக்குப் போனாலும், அங்கே தட்டைத் திறப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் கியர்பொக்ஸ் வேலை செய்யும் சிலர்